கரண்டு வைத்தால் இதயம் நின்றுவிடுமா?

“கரண்டு வைத்துவிட்டு வருகிறேன்” என்று உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது சொல்லிவிட்டுப் போவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். முழங்கால் வலி, இடுப்பு வலி, தோள்பட்டைப் பிடிப்பு என்று இயன்முறை மருத்துவரிடம் போகிறவர்களுக்குத் தோலின்மேல் இரண்டு பட்டைகளை ஒட்டி, ஒரு சிறு பெட்டியிலிருந்து மின்சாரம் கொடுக்கிறார்கள். எறும்பு ஊர்வது போன்ற உணர்வு தோன்றுகிறது. வலி கொஞ்சம் மட்டுப்படுகிறது. இந்தக் கருவிக்கு ‘டென்ஸ்’ என்று பெயர். தோல் வழியாக நரம்பை மின்சாரத்தால் தூண்டுவது என்பதன் சுருக்கமே அது.

குமரி மாவட்டத்தின் கிழக்கு எல்லையில் இருக்கும் எங்கள் அஞ்சுகிராமம் பகுதியில் மின்சாரம் மிகவும் பழகிப்போன பொருள். ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகள். கூடங்குளத்தில் அணுமின் நிலையம். வலியும் அப்படியே. மயிலாடியில் நாள் முழுவதும் உளி பிடிக்கும் சிற்பிகளுக்குத் தோள். சின்னமுட்டத்தில் வலை இழுப்பவர்களுக்கு முதுகு. வயலில் குனிந்து நிற்பவர்களுக்கு இடுப்பு. ஆகவே இந்தப் பெட்டி இப்போது மருத்துவமனையை விட்டு வெளியேறி, கடைகளிலும் தபாலிலும் வந்து வீட்டு அலமாரியில் உட்கார்ந்திருப்பதில் வியப்பில்லை. தேநீர்க் கடையில் இதைப் பற்றி இரண்டு கருத்துகளைக் கேட்கிறேன். “கரண்டுல்லா! நெஞ்சு நின்னு போவும்” என்பது ஒன்று. “பேட்டரிதானே, எங்க ஒட்டினா என்ன?” என்பது மற்றொன்று. இரண்டும் தவறு. ஆனால் இரண்டாவது தவறுதான் ஆபத்தானது என்பது என் எண்ணம். ஏன் என்பதைப் பார்ப்போம்.

மின்சாரத்தால் வலி தீர்ப்பது புதிய யோசனை அன்று. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்னும் மருத்துவர், காலில் கடுமையான மூட்டுவலி உள்ளவரை ஈரமான கடற்கரையில் நிற்க வைத்து, மின்சாரம் பாய்ச்சும் உயிருள்ள திருக்கை மீனின்மேல் பாதத்தை வைக்கச் சொன்னார். கால் மரத்துப்போகும்வரை அப்படியே நிற்க வேண்டும். தலைவலிக்கும் அதே மீனைத்தான் சொன்னார்! இந்த இனத்து மீன்கள் நம் கடலிலும் உண்டு. தமிழில் ‘திமிலை’ என்பார்கள். 1801இல் தரங்கம்பாடியிலிருந்து கிடைத்த மீனைக் கொண்டு ஒரு வகைக்கு ‘டிம்லை’ என்று அறிவியல் பெயர் சூட்டினார்கள். நம் ஊர்ப் பெயரே கொஞ்சம் உருமாறி உலக அறிவியலுக்குள் போய்விட்டது.

மரத்துப் போனால் வலி தெரியாது என்பது சரி. ஆனால் டென்ஸ் வைத்துக்கொண்டவருக்குக் கால் மரத்துப் போவதில்லையே! இதற்கு விளக்கம் 1965இல் வந்தது. ரொனால்டு மெல்சாக், பாட்ரிக் வால் என்னும் இரு ஆய்வாளர்கள் முதுகுத்தண்டில் ஒரு ‘வாயில்’ இருப்பதாகச் சொன்னார்கள். தொடு உணர்வைக் கொண்டுவரும் நரம்பிழைகள் தடித்தவை. வலியைக் கொண்டுவருபவை மெல்லியவை. இரண்டும் முதுகுத்தண்டில் ஏறத்தாழ ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றன. தடித்த இழைகளிலிருந்து செய்தி மிகுதியாக வந்தால் வாயில் ஓரளவு மூடிக்கொள்கிறது. வலிச் செய்தி மூளைக்குக் குறைவாகவே போகிறது. முழங்கையை எங்கேயாவது இடித்துக்கொண்டால் உடனே தேய்த்துவிட்டுக்கொள்கிறீர்கள் அல்லவா? அதுவும் இதே வேலைதான். இந்தக் கொள்கை பின்னர் பல இடங்களில் திருத்தப்பட்டாலும் அடிப்படைக் கருத்து நிலைத்திருக்கிறது. 1967இல் வாலும் வில்லியம் ஸ்வீட் என்னும் அறுவை மருத்துவரும் மின்துடிப்புகளைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். முதலில் தங்கள் உடம்பிலேயே சோதித்துப் பார்த்த பிறகுதான் நோயாளிகளிடம் போனார்கள். 2022இல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பு 381 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, டென்ஸ் வைத்திருக்கும்போதும் எடுத்த உடனேயும் வலி குறைகிறது என்று முடிவு சொன்னது. நோயை அது தீர்ப்பதில்லை. வலியை மட்டும் குறைக்கிறது. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

இனி இதயத்துக்கு வருவோம்.

வீட்டு மின்சாரம் ஒருவரைக் கொல்லும்போது பெரும்பாலும் எரித்துக் கொல்வதில்லை. இதயத்தின் கீழறைத் தசைகள் ஒன்றுசேர்ந்து சுருங்குவதை விட்டுவிட்டு, ஆளுக்கொரு பக்கமாகத் துடிதுடிக்கத் தொடங்குகின்றன. இரத்தம் வெளியேறுவதில்லை. 1899இல் ஜெனீவாவில் பிரெவோ, பாட்டெல்லி என்னும் இருவர் நாய்களிடம் செய்த சோதனைகளில் இதைக் கண்டார்கள். இதற்கு எவ்வளவு மின்னோட்டம் வேண்டும்? 1 மில்லி ஆம்பியர் அளவில் கையில் குறுகுறுப்புத் தெரியும். அமெரிக்காவில் சார்லஸ் டால்ஸியேல் என்னும் மின்பொறியியல் பேராசிரியர் தன்னார்வலர்களைக் கொண்டு அளந்தபோது, சராசரியாக 16 மில்லி ஆம்பியருக்குமேல் ஆண்களாலும், 10.5க்குமேல் பெண்களாலும் பிடித்த கம்பியை விட முடியவில்லை. கையிலிருந்து கைக்கு 50 முதல் 100 மில்லி ஆம்பியர் சில வினாடிகள் பாய்ந்தால் இதயம் தடுமாறக்கூடும்.

இப்போது டென்ஸ் பெட்டியின் குறிப்பேட்டைப் புரட்டினால் திடுக்கிடுவீர்கள். ‘உச்ச மின்னோட்டம் 60 மில்லி ஆம்பியர்’ என்றோ, ‘80’ என்றோ, சிலவற்றில் ‘100’ என்றோ போட்டிருக்கும். ஆளைக் கொல்லும் அளவு என்று இப்போதுதான் படித்தோம். அதே அளவை மூட்டுவலிக்காரருக்குத் தருகிறார்கள், அவர் செய்தித்தாள் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்! எப்படி?

விடை ஆம்பியரில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. நம் வீட்டு மாறுமின்னோட்டம் வினாடிக்கு 50 சுற்று. ஒரு சுற்றுக்கு 20 மில்லி வினாடி. அதில் பாதி, அதாவது 10 மில்லி வினாடி, மின்னோட்டம் ஒரே திசையில் பாய்கிறது. டென்ஸ் கருவி தரும் ஒவ்வொரு துடிப்பும் 50 முதல் 250 மைக்ரோ வினாடி வரைதான் நீடிக்கும். 100 மைக்ரோ வினாடி என்று வைத்துக்கொண்டால் 0.1 மில்லி வினாடி. வீட்டு மின்சாரத்தின் அரைச் சுற்றில் நூறில் ஒரு பங்கு. மின்னூட்டத்தைக் கணக்கிடுங்கள்: 50 மில்லி ஆம்பியரை 100 மைக்ரோ வினாடியால் பெருக்கினால் 5 மைக்ரோ கூலூம். அதே 50 மில்லி ஆம்பியர் வீட்டு மின்சாரமாக வந்தால் ஓர் அரைச் சுற்றில் ஏறத்தாழ 450 மைக்ரோ கூலூம்.

குறுகிய துடிப்பு நரம்பை மட்டும் எழுப்பிவிட்டு இதயத்தை எழுப்பாமல் விடுவது எவ்வாறு? ஓட்டைக் குடத்தில் நீர் பிடிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட மட்டத்துக்கு நீர் ஏறினால் மணி அடிக்கும். ஊற்றும்போதே ஒழுகிக்கொண்டும் இருக்கும். நரம்பிழை ஒரு சிறு குடம். ஒரு குவளை ‘சளக்’கென்று ஊற்றினால் போதும், மணி அடித்துவிடும். இதயத் தசை பெரிய குடம். அதே ஒரு குவளை அதன் அடியைத்தான் நனைக்கும். பெருங்குடத்தில் மணி அடிக்க வேண்டுமானால் தொடர்ந்து ஊற்ற வேண்டும். உயிரணுவின் சவ்வு மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் ஒரு கசியும் மின்தேக்கி என்பதால் இந்த உவமை வெறும் உவமை அன்று. கணக்கும் ஏறத்தாழ இதுவே.

பிரான்சு நாட்டில் 1901இல் ஜார்ஜ் வைஸும் அவருக்குப் பின் லூயி லாபிக்கும் இந்தக் கணக்கைப் போட்டார்கள். ஒவ்வொரு திசுவுக்கும் உரிய ஒரு நேர அளவை லாபிக் ‘குரோனாக்ஸி’ என்று அழைத்தார். விதி எளியது. மிக நீண்ட துடிப்புக்குத் தேவைப்படும் மின்னோட்டத்தை 1 மடங்கு என்று கொண்டால், குறுகிய துடிப்புக்குத் தேவைப்படுவது 1 + (குரோனாக்ஸி ÷ துடிப்பின் நீளம்) மடங்கு. தடித்த நரம்பிழைக்குக் குரோனாக்ஸி 0.1 மில்லி வினாடி அளவில் இருக்கும். மார்பின் வெளியிலிருந்து தூண்டப்படும் இதயத்துக்கு 3 மில்லி வினாடி என்று கொள்ளலாம். 0.1 மில்லி வினாடித் துடிப்பைக் கொடுத்தால் நரம்புக்கு 2 மடங்கு போதும். இதயத்துக்கு 31 மடங்கு வேண்டும். துடிப்பை 10 மில்லி வினாடியாக நீட்டினால் இதயத்துக்கு 1.3 மடங்கே போதும். காகிதத்தில் போட்டுப் பாருங்கள். டென்ஸ் கருவியின் பாதுகாப்பு முழுவதும் இந்த ஒரு வகுத்தலில் அடங்கியிருக்கிறது.

இதற்கு எதிர்ச்சான்றும் உண்டு. இதயத் துடிப்பு மிகவும் தாழ்ந்துபோன நோயாளிக்கு மார்பின் தோல் வழியாகவே மின்துடிப்பு கொடுத்து இதயத்தைத் துடிக்கச் செய்யும் முறையைப் பாஸ்டன் நகரத்து மருத்துவர் பால் சோல் 1952இல் வெளியிட்டார். இன்றும் அவசரப் பிரிவுகளில் அது இருக்கிறது. அதில் மின்னோட்டம் 50 முதல் 100 மில்லி ஆம்பியர். ஆம், டென்ஸ் பெட்டியின் உச்ச அளவை ஒட்டியதே. ஆனால் துடிப்பின் நீளம் 20 முதல் 40 மில்லி வினாடி! வேண்டுமென்றே இதயத்தை எழுப்ப நினைப்பவர்கள் துடிப்பை நீட்டுகிறார்கள். எழுப்பாமல் இருக்க நினைப்பவர்கள் குறுக்குகிறார்கள்.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: “சார், குறுகிய துடிப்புதான், ஆனால் வினாடிக்கு நூறு தடவை வருகிறதே, குவளை குவளையாகச் சேர்ந்து குடம் நிரம்பிவிடாதா?” நல்ல கேள்வி. இரண்டு துடிப்புகளுக்கு இடையே 10 மில்லி வினாடி இடைவெளி கிடைக்கிறது. அதற்குள் ஊற்றியதில் பெரும்பகுதி ஒழுகிவிடும். அதோடு நல்ல கருவிகள் ஒரு திசையில் ஊற்றியதை உடனே எதிர்த்திசையில் உறிஞ்சியும் விடுகின்றன. நிகர மின்னூட்டம் சுழி. தோலில் மின்பகுப்பு நடந்து புண்ணாகாமல் இருப்பதற்கும் இதுவே காரணம்.

ஆக, நலமான இதயமுள்ள ஒருவர் நல்ல கருவியின் இரு பட்டைகளையும் ஒரே முழங்காலில் ஒட்டிக்கொண்டால் அவருடைய இதயத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. மின்னோட்டத்தின் பெரும்பகுதி இரு பட்டைகளுக்கும் இடைப்பட்ட சதையோடு முடிந்துவிடுகிறது, துடிப்பும் குறுகியது. “நெஞ்சு நின்னு போவும்” என்ற முதல் கருத்துக்கு இத்துடன் விடை தந்தாயிற்று. ‘எங்க ஒட்டினா என்ன?’ என்பதுதான் பாக்கி.

ஒரு பட்டையை மார்பிலும் மற்றொன்றை முதுகிலும் ஒட்டினால் பாதை இதயத்தின் ஊடே போகிறது. நாம் கணக்கிட்ட 31 மடங்கு என்னும் இடைவெளி அப்போதும் காக்கும்தான். ஆனால் அரணை நாமே ஏன் மெலிய வைக்க வேண்டும்? கழுத்தின் முன்பக்கம் இன்னும் மோசம். அங்கே இருபுறமும் ஓடும் பெரிய தமனிகளில் இரத்த அழுத்தத்தை அளந்துசொல்லும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அவற்றைத் தூண்டினால் அழுத்தம் கூடிவிட்டது என்று மூளை ஏமாந்து, இதயத்தின் வேகத்தைக் குறைத்துவிடும். ஆள் மயங்கி விழலாம். இங்கே மின்சாரம் இதயத்தைத் தொடவே இல்லை. நரம்பு வழியாகப் பொய்ச் செய்தி போகிறது.

பொய்ச் செய்தி என்றதும் பேஸ்மேக்கர் நினைவுக்கு வருகிறது. 1958 அக்டோபர் 8ஆம் நாள் சுவீடன் நாட்டில் ஆர்னே லார்சன் என்பவரின் உடலுக்குள் முதல் பேஸ்மேக்கர் வைக்கப்பட்டது. இன்று நம் ஊர்ப்பக்கத்திலும் திருவனந்தபுரத்துக்கோ நாகர்கோவிலுக்கோ போய் அதை வைத்துக்கொண்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கருவி ஓயாமல் துடிப்பு கொடுத்துக்கொண்டே இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை, அது முதலில் காது கொடுத்துக் கேட்கிறது. இதயம் தானே துடித்தால் சும்மா இருக்கும். துடிக்காவிட்டால் மட்டும் ஒரு தட்டு தட்டும். அது கேட்பது சில மில்லி வோல்ட் அளவுள்ள மெல்லிய ஒலி. பக்கத்தில் டென்ஸ் பெட்டி தாரை தப்பட்டை முழக்கினால்? ‘இதயம் நன்றாகத் துடிக்கிறது’ என்று தவறாக எண்ணி அது வாய்மூடி இருந்துவிடக்கூடும். அதையே நம்பியிருக்கும் இதயத்துக்கு அந்தச் சில வினாடிகள் போதும்.

இந்த ஆபத்தை 1978லேயே மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். அதற்குப்பின் கருவிகள் வெகுவாகத் திருந்திவிட்டன. கேட்கும் முனைகள் இரண்டும் இப்போது நெருக்கமாக இதயத்துக்குள்ளேயே இருப்பதால் வெளிச் சத்தம் குறைவாகவே கேட்கிறது. சத்தம் மிகுந்தால் ‘கேட்டது போதும்’ என்று சீராகத் தட்டிக்கொண்டே இருக்கும் ஏற்பாடும் உண்டு. ஆனால் அதே குடும்பத்தில் இன்னொரு கருவி இருக்கிறது. இதயம் தாறுமாறாகத் துடித்தால் உள்ளிருந்தே பலத்த அதிர்ச்சி கொடுத்துச் சீராக்குவது அதன் வேலை. டென்ஸ் துடிப்புகளை அது கொலைகாரத் துடிப்பு என்று எண்ணிவிட்டால், விழித்திருக்கும் மனிதருக்கு வீணாக அதிர்ச்சி கொடுத்துவிடும். 2008இல் சுவீடனில் இத்தகைய கருவி வைத்திருந்த 30 பேரிடம் சோதித்தபோது ஏறத்தாழப் பாதிப் பேரிடம் குறுக்கீடு காணப்பட்டது. பாதி என்பது சிறிய பங்கு அன்று.

இவ்வளவும் சொன்னாலும், நான் மிகவும் அஞ்சுவது வேறொன்றுக்கு. டென்ஸ் நோயைத் தீர்ப்பதில்லை, வலியைக் குறைக்கிறது என்று முன்பு சொன்னேன் அல்லவா? இதயத்துக்கு இரத்தம் போகும் குழாய் அடைபடும்போது வலி எப்போதும் நெஞ்சின் நடுவில்தான் வரும் என்பதில்லை. இடத் தோளில் வரலாம், கையில், தாடையில், மேல் வயிற்றில் வரலாம். இதயத்திலிருந்து வரும் நரம்புகளும் தோளிலிருந்தும் கையிலிருந்தும் வரும் நரம்புகளும் முதுகுத்தண்டில் அருகருகே நுழைவதால் எங்கிருந்து வந்த செய்தி என்று மூளைக்கே குழப்பம். நம் ஊரில் இதற்கு ஆயத்தமான பெயர் ஒன்று இருக்கிறது: ‘வாயு’. சுக்கு வெந்நீர், பெருங்காயம், தைலம் என்று ஒவ்வொன்றாக நடக்கும். இப்போது அந்த வரிசையில் அலமாரியில் இருக்கும் டென்ஸ் பெட்டியும் சேர்ந்துவிடும் என்றே அஞ்சுகிறேன். தோளில் ஒட்டிப் பொத்தானை அழுத்தினால் வலி கொஞ்சம் குறையலாம். ‘பார்த்தாயா, பிடிப்புதான்’ என்று படுத்துவிடுவார். உள்ளே அடைப்பு அப்படியே இருக்கும். இரத்தம் நின்ற இதயத் தசை அரை மணி நேரத்துக்குள்ளேயே அழியத் தொடங்குகிறது. இந்தத் தாமதம் பெட்டியின் மின்சாரத்தைவிடப் பன்மடங்கு கொடியது.

படித்தவர்கள் இங்கே ஒரு மறுப்புச் சொல்வார்கள். சுவீடனில் மான்ஹைமர் என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1980களில் இதய வலிக்கே டென்ஸ் கொடுத்து நல்ல பலன் கண்டார்கள் என்பது உண்மை. ஆனால் அந்த நோயாளிகளின் இதயத்தில் என்ன கோளாறு என்பது முன்னமே அறியப்பட்டிருந்தது. மருத்துவர்கள் உடனிருந்து பார்த்தார்கள். காரணம் தெரிந்த வலியைக் குறைப்பதும், காரணம் தெரியாத வலியை அடக்குவதும் ஒன்றாகுமா? நம் மாவட்டம் வர்ம வைத்தியத்துக்குப் பேர்போனது. நல்ல ஆசான் எவரும் கை வைக்குமுன் ‘எப்போது வந்தது, எங்கே தொடங்கியது, வியர்த்ததா, மூச்சு முட்டுகிறதா’ என்று கேட்பார். இயன்முறை மருத்துவரும் கேட்பார். பெட்டிக்குக் கேட்கத் தெரியாது. வியர்வையோடும் மூச்சுத் திணறலோடும் நெஞ்சிலோ தோளிலோ வலி வந்தால் அழுத்த வேண்டிய பொத்தான் தொலைபேசியில் இருக்கிறது: 108.

உங்களில் மின்னணுவியலில் ஆர்வமுள்ளவர்களுக்கும் ஒரு சொல். 555 ஐ.சி.யும் ஒரு சிறு மின்மாற்றியும் கிடைத்தால் இதை நாமே செய்துவிடலாமே என்று தோன்றும். சுற்றைச் செய்து, 1000 ஓம் மின்தடையின் குறுக்கே அலைகாட்டியில் பாருங்கள்; அருமையான பாடம். உடம்பில் மட்டும் ஒட்டாதீர்கள். உலர்ந்த தோலின் மின்தடை பத்தாயிரக்கணக்கான ஓம். அதுதான் நமக்கு இயற்கை தந்த கவசம். டென்ஸ் பட்டையில் இருக்கும் பசை அந்தக் கவசத்தைக் கழற்றிவிடுகிறது. மின்கலத்துக்குப் பதிலாக மலிவான அடாப்டரைச் செருகி, அதன் உள்ளே காப்பு பழுதானால், கவசமற்ற உடம்பில் 230 வோல்ட் நேரே இறங்கும். 1000 ஓமுக்கு 230 மில்லி ஆம்பியர், அதுவும் நீண்ட துடிப்பாக. கடையில் வாங்கிய கருவியாயினும், மின்னேற்றம் நடக்கும்போது உடம்பில் ஒட்டியிருக்கக் கூடாது.

2020 ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் நம் நாட்டில் மருந்துச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. நல்லதே. ஆனால் அண்மையில் நான் பார்த்த ஒரு பெட்டியில், இதயக் கருவி வைத்தவர்கள் பயன்படுத்தக்கூடாது என்ற எச்சரிக்கை ஆங்கிலத்தில், பொடி எழுத்தில், குறிப்பேட்டின் நடுவில் கிடந்தது. முழங்கால் வலியோடு அதை வாங்கும் பாட்டி எப்படிப் படிப்பார்? விற்பவர் வாய்திறந்து கேட்க வேண்டும். பெட்டியின் மேற்புறத்தில் தமிழில் அச்சிட வேண்டும். அதுவரையில் அந்தக் குறிப்பேட்டைப் படித்துச் சொல்ல வீட்டில் இருப்பவர் நீங்கள்தான். துடிப்பின் நீளம் எத்தனை மைக்ரோ வினாடி என்று பாருங்கள். போடவே இல்லை என்றால் அந்தக் கருவி வேண்டாம். பாட்டியின் நெஞ்சுக்குள் ஏதேனும் கருவி உண்டா என்று கேளுங்கள். உண்டு என்றால் அதை வைத்த இதய மருத்துவரிடம் கேட்ட பிறகே பட்டையைப் பிரிக்கலாம். அவர் சரி என்றாலும் முதல் தடவை மருத்துவமனையில், இதயத் துடிப்பின் வரைபடம் திரையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே வைத்துப் பார்க்க வேண்டும்.